சூடு ஏறினா ஏரி வத்தத்தானே செய்யணும்? இமயமலைல மட்டும் ஏன் பெருக்குது?

வேடசந்தூர் பையன் | 11.05.2025

ஒரு டவுட்டு. எங்க ஊர் குளம் சித்திரை வந்தா வத்திப் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும், வெயிலு அப்படி. உலகமே சூடாகுதுன்னா மலை மேல இருக்க ஏரியும் வத்தணும்ல? ஆனா செய்தில இமயமலை ஏரி எல்லாம் பெருசாகிட்டே போகுது, ஆபத்துங்கறான். தண்ணி பெருகினா நல்லதுதானே, அதுல என்ன ஆபத்து? ரெண்டுல ஏதோ ஒண்ணு கதை. சிக்கிம்ல வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர் இங்க இருந்தாரே, அவர் வந்து சொல்லட்டும்.

பழைய சிக்னல் | 11.05.2025, இரவு 10.50

நான்தான் தம்பி அது. 2008ல இருந்து ரெண்டு வருஷம் வட சிக்கிம்ல ராணுவ சிக்னல்ஸ் பிரிவுல இருந்தேன், இப்ப வந்தவாசி பக்கம் சொந்த ஊர்ல ஆடு மேய்க்காத குறை.

உன் குளத்துக்கு வரவு மழை. அங்க இருக்க ஏரிக்கு வரவு பனிப்பாறை உருகுற தண்ணி. சூடு ஏற ஏற உன் குளத்துல செலவு ஜாஸ்தி, அங்க வரவு ஜாஸ்தி, அவ்ளோதான் வித்தியாசம். ஆனா அந்த வரவு எப்படிப்பட்ட வரவுன்னா, தாத்தா சேர்த்த நெலத்தை வருஷத்துக்கு ஒரு ஏக்கரா வித்து பேங்க்ல போட்டுட்டே இருக்கிற மாதிரி. பாஸ்புக்கை மட்டும் பார்க்கறவன் "ஆகா, பேலன்ஸ் ஏறுது"ன்னு சொல்லுவான். நெலம் போறது அதுல தெரியாது.

அப்புறம் கரை. நம்ம ஊர் ஏரிக்குக் கரை இருக்கு, மதகு இருக்கு, கலங்கல் இருக்கு, நிறைஞ்சா கோடி போகும். அங்க கரைங்கறது பனிப்பாறை முன்னொரு காலத்துல இங்க வரைக்கும் நகர்ந்து வந்தப்ப தள்ளிக் கொண்டாந்து கொட்டின கல்லும் மண்ணும் பொடியும்தான். மொரைன்னு சொல்லுவாங்க. யாரும் மிதிச்சு இறுக்கின கரை இல்லை, சில இடத்துல அதுக்குள்ளயே பழைய ஐஸ் புதைஞ்சு கெடக்கும். பனிப்பாறை பின்வாங்கினா அது குடைஞ்ச பள்ளம் காலியாகும், பள்ளத்துல தண்ணி நிக்கும். முதல்ல சின்னச் சின்ன குட்டை, அப்புறம் குட்டைங்க ஒண்ணா சேரும், அப்புறம் ஏரி. தண்ணி ஐஸோட அடியை அரிக்கும், முகப்பு உடைஞ்சு விழும், பாறை இன்னும் பின்னாடி போகும், பள்ளம் இன்னும் நீளும். ஏரியே பனிப்பாறையைத் தின்னு வளருது.

பழைய சிக்னல் | 12.05.2025, காலை

ராத்திரி கணக்கு சொல்லாம தூங்கிட்டேன். சிக்கிம்ல தெற்கு லோனாக்னு ஒரு ஏரி, 5,200 மீட்டர் உயரம். 1976 வாக்குல அது 20 ஹெக்டேர், நம்ம கணக்குல 50 ஏக்கரா, எங்க ஊர் சித்தேரி அளவு. 2023 செப்டம்பர் 28ஆம் தேதி இஸ்ரோ எடுத்த படத்துல 167.4 ஹெக்டேர், அதாவது 413 ஏக்கரா. அக்டோபர் 4ஆம் தேதி எடுத்த படத்துல 60.3 ஹெக்டேர். ஒரு ராத்திரில கரை உடைஞ்சு நூறு ஹெக்டேர் காணோம்.

கீழ போன தண்ணி 5 கோடி கன மீட்டர். டிஎம்சி கணக்குல 17 சொச்சம்.

பழைய சிக்னல் | 12.05.2025, ஒரு மணி நேரம் கழிச்சு

தப்பு தப்பு. 17 இல்லை, 1.77 டிஎம்சி. புள்ளியை முழுங்கிட்டேன். பெருந்துறைக்காரர் ஒருத்தர் உடனே பிடிச்சாரு, "அண்ணே 17 டிஎம்சின்னா மேட்டூர்ல அஞ்சுல ஒரு பங்கு, அது மலை உச்சில எப்படி நிக்கும்"னு. சரியான கேள்வி. மேட்டூரு 93.47. இது செம்பரம்பாக்கத்துல (3.645) பாதி கூட முழுசா வராது.

ஆனா சின்னதுன்னு நினைச்சுடாதீங்க. செம்பரம்பாக்கம் சமவெளில கெடக்கு, லோனாக் தண்ணி சுங்தாங் ஊரு வரைக்கும் மூணாயிரம் மீட்டருக்கு மேல சரிஞ்சு எறங்குது. ஏரில இருந்து கிளம்பினது 5 கோடி கன மீட்டர் தண்ணி, போற வழில அது சுரண்டி எடுத்த மண்ணும் கல்லும் சுமார் 27 கோடி கன மீட்டர். அஞ்சு மடங்கு! தண்ணி வந்துச்சுன்னு சொல்றதே தப்பு, மலை கரைஞ்சு வந்துச்சு.

பழைய சிக்னல் | 13.05.2025

"அது மேகவெடிப்புதானே அண்ணே" ன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. இதுல நானும் குத்தவாளி. அன்னிக்கு காலைல எங்க பழைய யூனிட் வாட்ஸ்அப் குரூப்புல "லோனாக் மேல மேகவெடிப்பு"ன்னு வந்ததை பத்து பேருக்கு தள்ளிவிட்டவன் நான்தான். அரசு தரப்புலயே முதல்ல அப்படித்தான் சொன்னாங்க. மறுநாள் நேபாளத்து நிலநடுக்கம்தான் காரணம்னு இன்னொண்ணு வந்துச்சு, அதையும் தள்ளிவிட்டேன், வெக்கமில்லாம.

2025 ஜனவரி கடைசில வந்த ஆய்வு சொல்றது வேற. ஏரிக்கு வடக்குப் பக்கம் சரிவுல உறைஞ்சு கெடந்த மொரைன் மண்ணு, சுமார் 1.47 கோடி கன மீட்டர், மொத்தமா இடிஞ்சு ஏரிக்குள்ள விழுந்துச்சு. 20 மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பி கரையைத் தாண்டிப் போய் வாயை அறுத்துவிட்டுடுச்சு. கீழ மழையும் பெஞ்சுட்டு இருந்துச்சு, அது சேதத்தைக் கூட்டினது நிஜம். ஆனா ஆரம்பிச்சு வெச்சது பக்கத்துச் சரிவு.

அதனால நான் 11ஆம் தேதி எழுதினதை ஒரு இடத்துல திருத்திக்கணும். கரை பலவீனம்னு மட்டும் சொன்னேன். கரையைப் பார்த்துட்டே இருந்தா முதுகுல இருந்து அடி வரும். அந்தச் சரிவை இத்தனை காலம் பிடிச்சு நிறுத்தினது சிமெண்ட் இல்லை, குளிரு. மண்ணுக்குள்ள இருக்க ஐஸ்தான் பசை. பசை இளகுது. முன்னாடி பனிப்பாறையே அந்தச் சரிவுக்கு முட்டுக் கொடுத்துட்டு நின்னுச்சு, அதுவும் பின்னாடி போயிடுச்சு.

பழைய சிக்னல் | 13.05.2025

அந்த ராத்திரில செத்தவங்க 55 பேர், காணாம போனவங்க 74 பேர். சிங்தாம் பக்கம் பர்தாங்ல நின்ன ராணுவ வண்டிங்களோட 23 ஜவான்களைத் தண்ணி இழுத்துச்சு, ஒருத்தரைத்தான் உயிரோட மீட்டாங்க. நான் போய் டீ குடிச்ச ரோடு அது. இதுக்கு மேல இதை எழுத வேணாம்.

பழைய சிக்னல் | 17.05.2025

கேள்வி கேட்ட தம்பி தனியா கேட்டாரு, "ஏரி உறைஞ்சா மீன் எல்லாம் செத்துடாதா"ன்னு. இது எனக்குப் பிடிச்ச விஷயம்.

எங்க போஸ்ட்டுக்குக் கீழ ஒரு குட்டை. பேரு கூட கெடையாது, நாங்க "தொட்டி"ம்போம். குளிர்காலத்துல தண்ணிக்கு அதுதான் கதி. காலைல கடப்பாரை எடுத்துட்டு ரெண்டு பேர் போவோம். முதல் குத்துக்கு வெள்ளையா பொடி பறக்கும், அரை அடி போனா கண்ணாடி மாதிரி கருநீலம், கடப்பாரை வழுக்கும், கை அதிரும். ரெண்டு அடி போனதும் சத்தம் மாறும், டொக்கு டொக்குன்னு இருந்தது டொப்புன்னு ஆகும். அப்ப ஒதுங்கிக்கணும், தண்ணி குபுக்குன்னு மேல வரும். ஜெர்ரிகேனை முக்கி எடுத்தா வெளிப்பக்கம் நனைஞ்ச இடம் பத்து எட்டு நடக்கறதுக்குள்ள ஐஸ் ஆயிடும், கையுறை ஒட்டிக்கும். ஆனா ஓட்டைக்குள்ள இருக்க தண்ணி தண்ணியாவே இருக்கும். ஒரு மலையாளி ஹவில்தார் இருந்தாரு, கயித்துல கல்லைக் கட்டி ஆழமா கேனை எறக்குவாரு, "அடில சூடு"ம்பாரு. நாங்க சிரிப்போம். சூடுன்னா 4 டிகிரி!

அவரு சொன்னது சரிதான். தண்ணி 4 டிகிரில தான் கனமா இருக்கும், அதுக்கும் கீழ குளிர்ந்தா லேசாகி மேல வந்துடும். அதனால ஏரி மேல இருந்து உறையுது, அடில உயிரு பொழைக்குது. இலையுதிர் காலத்துல மேல் தண்ணி குளிர்ந்து 4 டிகிரிக்கு வந்ததும் கனத்து கீழ எறங்கும், அடித் தண்ணி மேல வரும், ஏரி ஒரு தடவை புரண்டு படுக்கும். வசந்தத்துல ஐஸ் கரைஞ்சதும் இன்னொரு தடவை. அடில இருக்க ஜீவனுக்கு மூச்சுக் காத்து வர்றதே அந்தப் புரட்டல்லதான்.

இப்ப ஐஸ் லேட்டா போர்த்துது, சீக்கிரம் விலகுது. மேல் தண்ணி அதிக நாளு வெயில் காயுது, லேசாகி எண்ணெய் மாதிரி மேலயே மிதக்குது, அடித் தண்ணி தனியா கெடக்குது. உலகம் பூரா 235 ஏரிங்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வு 2015ல வந்துச்சு, கோடைல மேல் தண்ணி சராசரியா பத்து வருஷத்துக்கு 0.34 டிகிரி சூடாகுதாம். இது கொஞ்சமா தெரியும். நமக்கு 98.6ல இருந்து 100 போனா லீவு போடறோம்ல.

பழைய சிக்னல் | 17.05.2025

98.6 ஃபாரன்ஹீட், 0.34 செல்சியஸ், ரெண்டையும் கலக்கறேன்னு சொல்ல வர்றவங்களுக்கு: தெரியும், விடுங்க.

பழைய சிக்னல் | 20.05.2025

வட சிக்கிம்ல இருக்க குருடோங்மார் ஏரி ஃபோட்டோ போட்டதுக்கு "எடிட் பண்ணின கலரா"ன்னு கேட்டிருக்காங்க. இல்லைங்க, அந்த மாதிரி பல ஏரி நிஜமாவே துத்தம் கரைச்ச மாதிரிதான் இருக்கும். பனிப்பாறை அடில கல்லைக் கவ்விட்டு நகரும்போது கீழப் பாறையை ஆட்டுக்கல்லு மாதிரி அரைக்குது. வர்ற மாவு அவ்ளோ நைசு, நாள்கணக்குல அடங்காது, தண்ணில மிதந்துட்டு வெளிச்சத்தை சிதறடிக்குது. அதான் அந்தப் பச்சை கலந்த நீலம்.

பனிப்பாறை ஏரியை விட்டு மேல ஏறிப் போயிட்டா, இல்ல ஒரேடியா காலியாயிட்டா, மாவு வரத்து நிக்கும். தண்ணி தெளிஞ்சுடும். தெளிஞ்சா நல்லதுதானேன்னு தோணும். வெளிச்சம் ஆழமா எறங்கும், சூடும் சேரும், பாசி பிடிக்க ஆரம்பிக்கும், அதைத் தின்ன பூச்சி வரும், வேற ஜீவராசி வேற கணக்கு. ஏரி அடி சேத்துல குழாயை எறக்கி எடுத்தா இதெல்லாம் அடுக்கடுக்கா இருக்கும், மாவு அடுக்கு, அப்புறம் பாசியோட ஓடு இருக்க அடுக்கு. மரத்து வளையம் எண்ற மாதிரி எண்ணிடலாம்.

இங்கதான் வேடசந்தூர் தம்பிக்கு பாதி மார்க் குடுக்கணும். பனிப்பாறை தீர்ந்த பின்னாடி வரவு நின்னுடும். வண்டல் தூர்ந்துட்டே வரும், தூர் வார அங்க யாரு இருக்கா. ஏரி சதுப்பாகி, சதுப்பு புல்வெளியாகி, யாக்குங்கற சடை முடி மலைமாடு மேயும். நீ சொன்ன வத்தறது வரும்ப்பா, ஆனா அது கடைசி சீனு. நீ இன்டர்வெல்லுக்கு முன்னாடியே கிளைமாக்ஸ் கேட்டுட்ட.

பழைய சிக்னல் | 21.05.2025

யாக்னா நம்ம ஊர் எருமைதானான்னு கேட்டவருக்கு: சிக்கிம்ல சாங்கு ஏரிக்கரைல கொம்புல கலர் நூல்ல பின்னின உறை மாட்டிட்டு டூரிஸ்ட்டை சுமக்குது பாருங்க, எங்க ஊர் எருமைகிட்ட அதை மாட்டச் சொல்லுங்க, பார்க்கலாம்.

பழைய சிக்னல் | 22.05.2025

கொடைக்கானல் ஏரிக்கும் இப்படி ஆகுமான்னு ஒருத்தர். அது லெவிஞ்ச்னு கலெக்டரா இருந்தவர் 1863ல ஓடையை மறிச்சு கட்டினது, உறையறதும் இல்லை, பனிப்பாறையும் இல்லை. அதோட கவலை சாக்கடை, ஹோட்டல், பாசி. தனி இழை போடுங்க, இதுல கலக்காதீங்க.

பழைய சிக்னல் | 30.05.2025

நேத்து முந்தாநேத்து ஒரு தீர்ப்பு வந்திருக்கு, பார்த்தீங்களா? பெரு நாட்டுல உவராஸ்னு ஒரு ஊரு. அதுக்கு மேல பால்காகோச்சான்னு ஏரி. 1941 டிசம்பர் 13 அன்னிக்கு அது உடைஞ்சு ஊர்ல குறைஞ்சது 1,800 பேரைக் கொன்னுச்சு. உடைஞ்சு காலியான ஏரி அப்புறம் திரும்ப வளர்ந்துடுச்சு. 2009ல அளந்தப்ப 1.7 கோடி கன மீட்டர், 1970கள்ல இருந்த மாதிரி 34 மடங்கு. அந்த ஊர் விவசாயி ஒருத்தர், சவூல் லூசியானோ லியூயா, 2015ல ஜெர்மனி கோர்ட்டுக்குப் போனாரு. உங்க ஊர் ஆர்டபிள்யூஇ மின் கம்பெனி விட்ட புகைல உலகக் கணக்குல அரை சதவீதம் பங்கு இருக்கு, அதனால தடுப்பு வேலைக்கு ஆகற செலவுல அந்தப் பங்கை, சுமார் 17,000 யூரோ, குடுன்னு. பத்து வருஷம் நடந்துச்சு. மே 28 அன்னிக்கு ஹாம் நகர கோர்ட்டு தள்ளுபடி பண்ணிடுச்சு. அவர் வீட்டுக்கு அடுத்த 30 வருஷத்துல வெள்ளம் வர வாய்ப்பு ஒரு சதவீதம்தானாம். ஆனா அதே தீர்ப்புல, புகை விடற கம்பெனி இந்த மாதிரி சேதத்துக்குப் பொறுப்பாகலாம்ங்கற கொள்கையை ஒத்துக்கிட்டாங்க.

தோத்தாரா ஜெயிச்சாரான்னு எனக்கே குழப்பம். எங்க பங்காளிங்க வரப்புத் தகராறு 19 வருஷமா நடக்குது, அதுல கொள்கை அளவுல கூட யாரும் ஜெயிக்கலை.

பழைய சிக்னல் | 08.06.2025

"தெரிஞ்சும் ஏன் தண்ணியை எறக்கலை"ன்னு கோவமா எழுதியிருக்கீங்க. எறக்காம இல்லை. 2016லயே லடாக் இன்ஜினியர் சோனம் வாங்சுக் டீமும் சிக்கிம் அரசும் சேர்ந்து லோனாக்ல 8 இஞ்ச் பைப்பு மூணு போட்டு சைஃபன் முறைல தண்ணி எடுத்தாங்க. டேங்குல ட்யூப் போட்டு வாயால இழுத்து மண்ணெண்ணெய் எடுப்போமே, அதே டெக்னிக். நேபாளத்துல 2000த்துல சோ ரோல்பா ஏரியை 3 மீட்டர் எறக்கினாங்க, 2016ல இம்ஜாவை 3.4 மீட்டர், மதகோட. இம்ஜா 1950கள்ல இல்லவே இல்லாத ஏரி!

முன்னாடியெல்லாம் இதைக் கேட்டா "அதான் வழி இருக்கே"ம்பேன். இப்ப அவ்ளோ தெம்பா சொல்ல முடியலை. இம்ஜா ஆழம் கிட்டத்தட்ட 150 மீட்டர், அதுல 3.4 எறக்கினது வாளி மொண்ட மாதிரி. தண்ணிக்கும் கரை உச்சிக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி கிடைக்கும், சின்ன அலை தாண்டாது, அது லாபம்தான். 20 மீட்டர் அலைக்கு? அதோட இதுங்க ரோடே இல்லாத இடம். அந்த உயரத்துல ஒரு ஆளு மூட்டை தூக்கிட்டு நாப்பது எட்டு வெச்சா உட்காந்துடுவான். வேலை செய்ய கிடைக்கறது வருஷத்துல சில மாசம். நம்ம ஊர்ல பொக்லைன் போய் நிக்கிற ஏரிலயே தூர் வாரி முடிக்க எத்தனை பஞ்சாயத்து.

2023 செப்டம்பர்ல, உடையறதுக்கு சில வாரம் முன்னாடிதான், லோனாக்ல வானிலைக் கருவி கொண்டு போய் வெச்சாங்க. முன்னெச்சரிக்கைக்கு அது முதல் படி. ரெண்டாவது படிக்கு ஏரி காத்திருக்கலை.

பழைய சிக்னல் | 09.06.2025

2021 பிப்ரவரி 7, உத்தரகாண்ட் சமோலி வெள்ளத்தையும் இந்த ஏரி உடைஞ்ச லிஸ்ட்டுல சேர்க்கறாங்க. அது ஏரி இல்லைங்க. மலைமுகட்டுல இருந்து பாறையும் ஐஸுமா ஒரு பெரிய துண்டே பேர்ந்து விழுந்தது. அன்னிக்கும் டிவில ஏரி உடைஞ்சதுன்னுதான் சொன்னாங்க. கேதார்நாத் 2013, அது சோராபாரி ஏரி, அது சேரும்.

எதுக்கு இவ்ளோ நுணுக்கம்னா, இஸ்ரோ 2024ல சொன்ன கணக்குப்படி இமயமலை நதிப் படுகைங்கள்ல 10 ஹெக்டேருக்கு மேல இருக்க 2,431 ஏரிங்கள்ல 676, 1984க்கு அப்புறம் நல்லா விரிஞ்சிருக்கு, அதுல 130 இந்தியாவுல. இமாச்சல்ல கேபாங் காத் ஏரி 1989ல 36.49 ஹெக்டேர், 2022ல 101.30. அதுக்குக் கீழ சிஸ்ஸு கிராமம், உருளைக்கிழங்கு வயலு, இப்ப அடல் சுரங்கம் வழியா ஜனங்க குவியற இடம். எது ஏரியால வந்தது, எது சரிவால வந்ததுன்னு கலந்து கட்டிட்டா எங்க கருவி வைக்கறதுன்னே தெரியாம போயிடும்.

பழைய சிக்னல் | 02.07.2025

அணை பத்தி ஏன் பேசலைன்னு ஒருத்தர் குத்தறாரு. பேசினா நீளும். சுங்தாங்ல இருந்த தீஸ்தா-3 நீர்மின் திட்டம், 1,200 மெகாவாட், 60 மீட்டருக்குக் கல்லைக் கொட்டிக் கட்டின அணை, 2017ல ஓட ஆரம்பிச்சது, அன்னிக்கு ராத்திரி அடிச்சுட்டுப் போச்சு, அதுல தேங்கியிருந்த தண்ணியும் சேர்ந்து கீழ இருக்கவங்க தலைல விழுந்துச்சு. இப்ப அதே இடத்துல 118.64 மீட்டர்ல கான்கிரீட் அணைக்கு மத்திய நிபுணர் குழு இந்த ஜனவரில பரிந்துரை குடுத்திருக்கு. கணக்குப் போட்டுத்தான் குடுத்திருப்பாங்க. எனக்கு வயித்தைக் கலக்குது.

பழைய சிக்னல் | 19.10.2025

தீவாளிக்கு பரண்ல ஏறி டிரங்குப் பெட்டியை எறக்கினேன். நான் இங்க வேற வேற இழைல ஒரு எட்டு தடவையாவது எழுதியிருப்பேன், "எங்க காலத்துல டிசம்பர் முதல் வாரமே சாங்கு ஏரி கெட்டியா உறைஞ்சுடும், நாங்க மேல நடந்து போனோம், இப்ப ஜனவரி ஆனாலும் உறையலையாம்"னு. அந்த நடந்த ஃபோட்டோ கிடைச்சுது. நானும் மலையாளி ஹவில்தாரும், பின்னாடி ரெண்டு யாக். திருப்பிப் பார்த்தா என் கையெழுத்துலயே பால்பாயிண்ட்ல "பிப்ரவரி 14, 2009". டிசம்பர் இல்லை!

சொல்லிச் சொல்லி நானே ரெண்டு மாசத்தை முன்னாடி தள்ளியிருக்கேன். அதனால அந்த எட்டு பதிவையும் கணக்குல எடுக்காதீங்க, அழிக்க வழி தெரியலை, பிள்ளைகிட்ட கேட்கணும். சாட்டிலைட் படத்துக்கு இந்த வியாதி இல்லை.

வேடசந்தூர் தம்பி நவம்பர்ல கேங்டாக் போறானாம். குருடோங்மாருக்கு பர்மிட் இருந்தா மட்டும் வண்டி கிளப்பு, ரோடு திறந்திருக்கான்னு டிரைவர்கிட்ட முதல் நாளே கேளு. மேல போனா ஓடாத, மெதுவா நட. சாங்கு கரைல அந்தக் கடைங்கள்ல மேகி போட்டுக் குடுப்பாங்க, உப்பு ஜாஸ்தியா இருக்கும். ஏரி ஃபோட்டோ எடுத்து இங்க போடு, நான் நின்ன அதே பாறை இருக்கான்னு பார்க்கணும், இடது பக்கம் ஒட்டகம் முதுகு மாதிரி இருக்கும்.